கல்லில் இல்லாத தங்கை

எட்டு வருடங்கள் நானும் அந்தத் தமிழாசிரியையும் ஒரே பஸ்ஸில், இடம் கிடைத்த நாளெல்லாம் ஒரே சீட்டில், தர்மபுரியிலிருந்து பள்ளிக்குப் போய்வந்தோம். பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஊர். ஒன்றிலிருந்து எட்டு வரை உள்ள அரசு நடுநிலைப் பள்ளி. நான் சமூக அறிவியல் எடுத்தேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை ‘ஏ புள்ள’ என்பார். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் மட்டும் ‘டீச்சர்’. என் இரண்டாவது பிரசவத்தின்போது என் கணவர் ஓசூரிலிருந்து வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் வந்து நின்றவர் அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததைச் சொல்லும்போது அவரைப் பற்றி வேறு மாதிரி தோன்றிவிடும்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகித் தர்மபுரிக்கு வந்தவள். என் ஊர்ப் பக்கம் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கோயில் இருக்கும், கோயில் இருந்தால் அதைக் கட்டிய ராஜா ஒருவர் இருப்பார். இங்கே ஒரு நாள் ஏழாம் வகுப்பில் சோழர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். உயரமான பிள்ளை, அதிகம் பேசமாட்டாள். வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம்.

“நம்ம ஊர்ல ஒண்ணுமே நடக்கலீங்களா டீச்சர்?” என்று கேட்டாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அரசன் இந்த மாவட்டத்துக்காரன்தான் என்று சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது டவுன்லங்களே” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்குப் பஸ்ஸில் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அக்காவிடம் சொன்னேன்.

“அவ கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்லியே” என்றார் அவர்.

அதே மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரின் வரலாறு, பண்பாடு பற்றிப் பிள்ளைகளைக் கொண்டே ஏதாவது தயார் செய்து மாவட்டப் போட்டிக்குக் கொண்டுவர வேண்டும். நாடகமாக இருக்கலாம், பாட்டாக இருக்கலாம், கண்காட்சியாக இருக்கலாம். தலைமையாசிரியர் அந்தத் தாளை எங்கள் இருவர் பக்கமும் நகர்த்திவிட்டு, “நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை பஸ்ஸில் நான்தான் ஆரம்பித்தேன். “உங்க அம்மா பொறந்த ஊராச்சே அக்கா. சின்ன வயசுல ஏதாவது கதை கேட்டிருப்பீங்களே.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு ஸ்டாப் தாண்டியது. பிறகு, “தக்காளித் தோட்டத்து ஓரம் வாய்க்கால்கிட்ட ஒரு கல்லு நிக்குதே, பாத்திருக்கியா?” என்றார்.

பார்த்திருந்தேன். இடுப்பு உயரம் இருக்கும். பாதி மண்ணில் புதைந்தது. ஒரு கையில் வில்லோடு ஓர் உருவம், தலைமுடி பக்கவாட்டில் கொண்டையாகச் சரிந்திருக்கும். மேலே எழுத்து மாதிரி கீறல்கள், பாசி படிந்து ஒன்றும் புரியாது. கல்லின் முதுகில் அரிவாள் தீட்டித் தீட்டிப் பள்ளம் விழுந்திருந்தது. அது நடுகல் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் அப்படிப்பட்ட கற்கள் நிறைய உண்டு. சிலவற்றை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். இந்தக் கல்லை யாரும் கும்பிடவில்லை.

“அது பொம்பளைக் கல்லு” என்றார் அக்கா.

அதற்கப்புறம் நாலு ஸ்டாப் வரைக்கும் அவர் சொன்ன கதை இது. ஊர் மாடுகளை வேற்று ஆட்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்கப் போன அண்ணன் அம்பு பட்டு விழுந்துவிட்டான். செய்தி வந்தபோது வீட்டில் இருந்தது தங்கை மட்டும். அவள் அண்ணனுடைய இன்னொரு வில்லை எடுத்துக்கொண்டு, ஆண்பிள்ளை மாதிரி கொண்டை போட்டுக்கொண்டு போனாள். மாடெல்லாம் திரும்பி வந்தன. அவள் வரவில்லை. அவளுக்காக ஊர் வைத்த கல் அது. களை எடுக்கும்போது பெண்கள் பாடுகிற ஒரு பாட்டுகூட உண்டு என்று சொல்லி, சத்தத்தைத் தணித்துக்கொண்டு இரண்டு வரி பாடியும் காட்டினார்.

‘மாடு திரும்புச்சு மந்தைக்கு – மகராசி
திரும்பவே இல்லையே வூட்டுக்கு.’

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “யார் சொன்னாங்க அக்கா இந்தக் கதைய?”

“எங்கம்மா சொல்லும். ஊர்ல பழைய ஆளுங்க எல்லாத்துக்கும் தெரியும்.”

பாடத்திட்ட நோட்டின் கடைசிப் பக்கத்தில், பஸ் குலுக்கலில் எழுத்து கோணக் கோண, எல்லாவற்றையும் எழுதினேன். பாட்டின் கீழே ‘காலம் தெரியவில்லை’ என்று குறித்து வைத்தேன்.

மறுநாளே ஏழாம் வகுப்பில் கதையைச் சொன்னேன். நாற்பது நிமிடம் ஒரு பிள்ளைகூட அசையவில்லை. தினமும் கடந்து போகிற கல் அது. சிலர் அதன் மேல் உட்கார்ந்து புளியங்காய் தின்றிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு அந்தக் கல்லைக் கழுவினார்கள். கடைசி வரிசைப் பெண்தான் அதற்குத் தலைமை.

நான் அக்காவின் வார்த்தையை மட்டும் நம்பி நின்றுவிடவில்லை. இதையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் மதிய இடைவேளையில் ஊருக்குள் போய் விசாரித்தேன். ரேஷன் கடை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர், “ஆமாம்மா, அண்ணன் தங்கச்சி கதைதான? கேள்விப்பட்டிருக்கேன்” என்றார். இன்னொரு அம்மா, அந்தத் தங்கை போகும்போது இந்த ஊர்க் கிணற்றில்தான் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள் என்று, அக்கா சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். ஒரு நாள் அந்த உயரமான பெண்ணின் அம்மா தக்காளிச் செடிக்கு நடுவே களை எடுத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். கன்னடப் பாட்டு. ‘தங்கி, தங்கி’ என்று வந்தது. கன்னடத்தில் தங்கி என்றால் தங்கை என்பதும், மெட்டு அதே மெட்டு என்பதும் எனக்குப் புரிந்த நேரத்தில், வரப்பில் நின்றிருந்த எனக்கு மயிர் கூச்செறிந்தது. இரண்டு பாஷையிலும் இருக்கிறது என்றால் எவ்வளவு பழைய பாட்டாக இருக்க வேண்டும்!

ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். கை ஒரு நொடி நின்றது. பிறகு, “பாத்தியா” என்றார்.

அவர் சொன்ன எதையெதையோ நான் பிற்பாடு மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ‘பாத்தியா’வை மட்டும் இன்றைக்கும் முடியவில்லை.

நாடகத்தை அக்கா எழுதினார், நான் பழக்கினேன். தங்கை வேடத்துக்கு அந்த உயரமான பெண் தானாகவே கை தூக்கினாள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை மேடையில் வில்லோடு நின்று பேசியபோது மாவட்டப் போட்டிக்கு வந்திருந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முதல் பரிசு. கேடயத்தைத் தலைமையாசிரியர் தன் அறைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினார். பள்ளிச் சுவரில் வில் பிடித்த தங்கையின் படம் வரைந்தோம்.

அந்தப் பெண்ணின் அப்பா ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். குத்தகைக்குத் தக்காளி போடுகிறவர். அந்தக் கல் நிற்கிற தோட்டம் அவர் பாடுபடுகிற தோட்டம்தான். எட்டாவதோடு பிள்ளையை நிறுத்திவிடுவதாக இருந்தவர். ஹைஸ்கூலுக்குப் பஸ்ஸில் போக வேண்டும், சேர்ந்து போக ஆள் இல்லை என்பது அவர் பக்கத்து நியாயம்.

“என்னாங்க டீச்சரம்மா சொல்லிக்குடுத்தீங்க என் புள்ளைக்கு?” என்றார் சிரித்துக்கொண்டே. “மாடு மீட்க ஒரு பொண்ணு ஒண்டியா போயிருக்குது, நான் பாலக்கோட்டுக்கு பஸ்ல போவக்கூடாதான்னு கேக்குதுங்க. நான் என்னாத்தங்க சொல்றது? போய்த்தொலைன்னுட்டேன்.”

அன்று பஸ்ஸில் இதைச் சொன்னபோது அக்கா சிரித்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சந்தோஷத்தில் கண்ணைத் துடைக்கிறார் என்று நினைத்தேன்.

பரிசு வந்த பிறகு ஒன்றிய அளவிலான ஆசிரியர் பயிற்சியில் பேசக் கூப்பிட்டார்கள். உள்ளூர் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுத்தருவது என்று ஒரு மணி நேரம் பேசினேன். புத்தகத்தில் இல்லையென்று கைவிடாதீர்கள், ஊரைக் கேளுங்கள், ஊர் பொய் சொல்லாது என்று முடித்தேன். கைதட்டினார்கள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அக்காவும் கைதட்டினார்.

நாடகத்தின் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றி, கல்வெட்டு படிக்கிற ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாவட்டம் முழுக்கத் தன் ஸ்கூட்டரில் சுற்றி நடுகற்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார். கல்லைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் போன் செய்தார். சனிக்கிழமை வரச் சொன்னேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அவர் படித்துச் சொல்வதை எழுதிக்கொண்டு போய் திங்கட்கிழமை வகுப்பில் காட்டினால் எப்படி இருக்கும் என்ற ஆசை. அக்காவை மட்டும் கூப்பிட்டேன். வீட்டில் விருந்தாளி இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை கல்வெட்டுக்காரர் பக்கெட், பிரஷ், சுருட்டிய தாளோடு வந்தார். அந்தப் பெண்ணின் அப்பா வாய்க்காலிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். பாசியைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி, மையைத் துணிப்பந்தால் ஒற்றியபோது, கறுப்புத் தாளில் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் எழுந்துவந்தன.  வட்டெழுத்து என்றார். தாளை வெயிலில் பிடித்துக்கொண்டு, விரலை வைத்து மெதுவாகப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“டீச்சர், இது ஆண்தான்” என்றார்.

எந்த அரசன் காலத்தில் என்பதும், மாடு மீட்கும் சண்டையில் இறந்துபோன ஒருவனுக்கு வைத்த கல் என்பதும் அதில் இருந்தன. அவன் யாருக்குச் சேவகன் என்பது இருந்தது. பெயரில் பாதி உடைந்திருந்தது. தங்கை இல்லை.

“கொண்டை இருக்கே?”

“அந்தக் காலத்துல ஆம்பளைங்களும் போட்டதுதான் டீச்சர். இங்க பாருங்க, இடுப்புல கத்தி. நான் பார்த்ததுல முக்கால்வாசிக் கல்லு இப்படித்தான் இருக்கும்.”

“ஆனா ஊர்ல கதை இருக்குங்களே” என்றேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “கல்லுல இல்லேன்னா என்ன, ஊர் ஞாபகத்துல இருக்குதே. எல்லாரும் சொல்றாங்களே.” அந்தப் பெண்ணின் அப்பா பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க. சின்ன வயசுலருந்து கேட்டதுதான?” என்றேன்.

அவர் பக்கெட்டைக் கீழே வைத்தார். “இல்லீங்க டீச்சரம்மா” என்றார். “உங்க ஸ்கூல் புள்ளைங்க வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.”

“உங்க வீட்டுல பாடுறாங்களே, கன்னடத்துல?”

“அது எம்புள்ள மாத்திக் குடுத்ததுங்க. அவங்கம்மாவுக்குத் தமிழ்ப் பாட்டு வாயில வரல, அதுக்கோசரம்.”

கல்வெட்டுக்காரர் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரேஷன் கடைப் பெரியவரிடம் நான் கேட்டது எப்போது? வகுப்பில் கதை சொன்னதற்கு அப்புறம். கிணற்றுத் தண்ணீர் கதை சொன்ன அம்மாவிடம்? அதற்கும் அப்புறம். அந்த அம்மாவின் பேத்தி என் வகுப்பில்தான் படித்தாள். என் குரலையே நான் ஊரெல்லாம் போய்க் கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனாலும் முதலில் சொன்னவர் அக்கா. அவர் அம்மா சொன்னது இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். காலடியில் யாரோ வைத்த கொத்தமல்லிக் கட்டு. நடந்ததைச் சொன்னேன்.

“அவருக்கு என்னா தெரியும்?” என்றார் அக்கா.

“அவர் கல்லுல இருக்கறதச் சொன்னாரு. நான் அதக் கேக்கல. உங்க அம்மா உங்களுக்குச் சொன்னாங்களா அக்கா?”

 கண்டக்டர் எங்களைத் தாண்டிப் போனார், திரும்பியும் வந்தார்.

“அக்கா.”

“நீ அவ்ளோ ஆசையாக் கேட்டியே புள்ள” என்றார் என்னைப் பார்க்காமல். “அந்தப் புள்ள நம்ம ஊர்ல ஒண்ணுமே நடக்கலியான்னு கேட்டுதுன்னு நீ சொன்னப்பவே எனக்கு மனசு கேக்கல. நானும் பாட்டி வூட்டுல இருந்து அதே ஸ்கூல்ல அதே கேள்விய மனசுக்குள்ள வெச்சிக்கிட்டுத்தான் படிச்சேன். அப்படியே வந்துருச்சு. பஸ்ல உக்காந்துதான் கட்டினேன்.”

“பாட்டு?”

“அதுவும் நான்தான்.”

“நான் ரெண்டு வாரம் ஊரெல்லாம் சுத்தினேனே. நோட்டுல எழுதிக்கிட்டு வந்து உங்ககிட்டயே காட்டினேனே. அப்பக்கூடச் சொல்லலியே.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ வந்து நிக்கறப்பல்லாம் உம்மூஞ்சி அப்படி இருந்துது.”

பயிற்சிக் கூட்டத்தில் அவர் கைதட்டியது என் கண்முன்னால் வந்தது. அத்தனை பேர் முன்னால் ஊர் பொய் சொல்லாது என்று நான் நின்றேன். பொய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கதை கட்டியதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்பதுதான். நான் விசாரிப்பதை, நம்புவதை, அழுவதை எல்லாம் எட்டு வருடச் சிநேகிதி பக்கத்து சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“புள்ளைங்ககிட்ட சொல்லணும்” என்றேன்.

“சொல்றேன்” என்றார். “நானே சொல்றேன். இந்த வாரம் போகட்டும். அடுத்த திங்கக்கிழமை பிரேயர்ல நானே மைக்ல சொல்லிடறேன். அது வரைக்கும் நீ வாயத் தொறக்காத. இது ஒண்ணுதான் உன்னயக் கேக்கறேன்.”

சரி என்றேன். என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அந்த வாரம் முழுவதும் அந்தப் பிள்ளைகளின் வகுப்புக்குள் போகவே எனக்குக் கூசியது. சுவரில் இருந்த படத்தைப் பார்க்காமல் வராண்டாவில் நடந்தேன். வெள்ளிக்கிழமை அக்கா லீவு போட்டிருந்தார், உறவில் ஒரு கல்யாணம். அன்றைக்குத்தான் பேப்பரில் வந்தது. உள்ளூர்ப் பக்கத்தில், மைப்படி எடுத்த தாளின் படத்தோடு, சின்னச் செய்தி. மாடு மீட்டு இறந்த வீரனின் நடுகல் என்று. கல்வெட்டுக்காரர் பேப்பருக்குக் கொடுக்கப்போவதாக என்னிடம் சொல்லித்தான் இருந்தார். எந்த நாள் வரும் என்று கேட்க நான் மறந்திருந்தேன்.

டீக்கடையிலிருந்து அந்தப் பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் வகுப்பில் நுழைந்தபோது அது அந்த உயரமான பெண்ணின் கையில் இருந்தது. அப்போது அவள் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள்.

“டீச்சர், இதுல வீரன்னு போட்டிருக்குதுங்க.”

“ஆமாம்மா.”

“தப்பாப் போட்டுட்டாங்களா?”

அந்த இடத்தில் நான், திங்கட்கிழமை பேசலாம் உட்காரு என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அவகாசம் இருந்தது. மணியடிக்கும் வரை இழுத்திருக்கலாம். நோட்டுத் திருத்த ஆரம்பித்திருக்கலாம். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு, “இல்லம்மா. அவங்க போட்டதுதான் சரி” என்றேன்.

“அப்ப தங்கச்சி?”

“தங்கச்சி இல்ல.”

 அவள் உட்காரவில்லை. “நீங்க பொய்யா சொல்லிக்குடுத்தீங்களா டீச்சர்?”

“எனக்கும் தெரியாதும்மா. நானும் நம்பினேன்.”

“அப்ப யாருக்குத் தெரியும்?”

அவள் அதைக் கேட்டபோது எனக்குள் ஒரு கோபம் எழுந்தது. அது அவள் மேல் வந்த கோபம் இல்லை. பஸ்ஸில் கை அழுத்தியவர் மேல், கல்யாணத்துக்குப் போயிருந்தவர் மேல். எல்லாப் பழியையும் நான் ஒருத்தி நின்று வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

“தமிழ் டீச்சர் எழுதின கதை அது” என்றேன். “பாட்டும் அவங்க எழுதினதுதான். எனக்கே இந்தத் திங்கக்கிழமைதான் தெரியும்.”

சொல்லி முடித்தபோது நிம்மதியாக இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், நன்றாக நிம்மதியாக இருந்தது. பிறகு அந்தப் பெண் பேப்பரை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பீரியட் முடியும் வரை தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை அக்கா வேறு பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். கேட்டுக்கு வெளியே இரண்டு மூன்று அம்மாக்கள் நின்று அவரை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். “எம்புள்ளய அம்மாம் பேர் முன்னாடி மேடையேத்திப் பொய் சொல்ல வெச்சிட்டீங்களே” என்று ஒரு அம்மா சொன்னது என் காதில் விழுந்தது.  அது அக்காவுடைய அம்மாவின் ஊர். அந்த அம்மாக்களில் ஒருவர் அவருக்கு முறைக்குச் சித்தி.

பிரேயரில் அவர் மைக் பக்கம் வரவில்லை. ஸ்டாஃப் ரூமில் நான் உள்ளே போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

“எழுதி வெச்சிருந்தேன்” என்றார். “கல்யாண வூட்டுல உக்காந்து எழுதினேன். இன்னிக்குப் படிக்கறதுக்கு.”

நான் நின்றேன்.

“மூணு நாள்தான் பாக்கி இருந்துது, டீச்சர்.”

பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் டீச்சர் என்றுதான் சொன்னார். தாளை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது, உண்மையிலேயே பிரேயரில் படித்திருப்பாரா, இல்லை வேறு ஒரு காரணம் சொல்லி இன்னொரு வாரம் கேட்டிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. வாங்கிப் படித்திருக்க வேண்டும். அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், ஏமாந்தவள் நான், என்னைப் போய் இந்த அம்மா குற்றவாளி மாதிரி பார்க்கிறாரே என்பதுதான். மணியடித்தது. வகுப்புக்குப் போய்விட்டேன்.

தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். என்னிடம், “எதுக்கு டீச்சர் இதெல்லாம்? பரிசு நாடகத்துக்குத்தான குடுத்தாங்க, வரலாத்துக்கா குடுத்தாங்க?” என்றார். கேடயத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, பீரோச் சாவி தன்னிடம் இருப்பதை மறந்துவிட்டவர் போல வேறு பேச்சு பேசினார். கடைசியில், “இனிமே புக்குல இருக்கறத மட்டும் நடத்துங்க” என்றார். அடுத்த பயிற்சியில் ஐந்து நிமிடம் நின்று, முன்பு சொன்னது தவறு என்று சொல்ல அனுமதி கேட்டு எழுதினேன். அவசியமில்லை என்று போனில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் எங்கோ ஒரு பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் கூப்பிட்டு, ஆண்டு விழாவுக்கு அந்த நாட்டுப்புறப் பாட்டின் முழு வரிகளும் வேண்டும் என்று கேட்டார். அது நாட்டுப்புறப் பாட்டு இல்லை என்று விளக்கினேன். “பரவாயில்லீங்க மிஸ், நல்லாருக்கு, அனுப்புங்க” என்றார்.

ஊர் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பேப்பரில் வந்த பிறகு கல்லுக்குத் தகரக் கொட்டகை போட்டார்கள். போட்டவர்கள் அதற்குச் சேலையும் சுற்றினார்கள். மாடு மீட்ட வீரன் மஞ்சள் சேலையும் குங்குமமுமாக நிற்கிறான். வெள்ளிக்கிழமை பெண்கள் விளக்கு வைக்கிறார்கள். ஒருமுறை அங்கே நின்ற ஓர் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “கல்லுல என்னா எழுதியிருந்தா என்னாங்க, நாங்க கும்புடறது அந்தப் பொண்ணைங்க” என்றார். எனக்கு வாதாடத் தோன்றவில்லை.

அந்த உயரமான பெண் மீதியிருந்த மாதங்களில் என் பாடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கூப்பிட்டால் எழுந்து பதில் சொல்வாள், உட்காருவாள். முழு ஆண்டுத் தேர்வில், உங்கள் ஊரிலுள்ள வரலாற்றுச் சின்னம் ஒன்றைப் பற்றி எழுதுக என்று நான்தான் ஒரு கேள்வி வைத்தேன். உண்மையை எழுதட்டும், அவள் கையாலேயே எழுதட்டும் என்று நினைத்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் வாங்கக்கூடிய விடைகள். அந்தக் கேள்விக்கு எண்ணை மட்டும் ஓரத்தில் போட்டு, பாதிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள். பாலக்கோட்டு ஹைஸ்கூலில் சேர்ந்து, பஸ்ஸில் போய்வந்துகொண்டிருக்கிறாள் என்று அவள் அப்பா சொன்னார். அதற்கு மேல் அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அக்கா அடுத்த கலந்தாய்வில் மாறுதல் வாங்கிக்கொண்டு பென்னாகரம் பக்கம் போய்விட்டார். எங்கள் பள்ளி, தாய் ஊரில் வேலை பார்க்க அவர் காத்திருந்து வாங்கிய இடம். தானாக விட்டுவிட்டுப் போனார். பிரிவு உபசாரத்தில் தலைமையாசிரியர் பொன்னாடை போர்த்தினார். அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடமும் சொல்லிக்கொண்டார், மற்றவர்களிடம் சொன்ன அதே வார்த்தைகளில்.

போன வருடம் என் அப்பா தர்மபுரியில் எங்கள் வீட்டில் இருந்தபோது காலமானார். இரண்டாம் நாள் காலையில், வருகிறவர்களுக்கு நடுவே அக்கா வந்தார். பென்னாகரத்திலிருந்து முதல் பஸ் பிடித்திருக்க வேண்டும். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். அவர் தேற்றவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். பேசியிருக்கலாம், இரண்டு பேருமே. யாரோ காப்பி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார். ஸ்கூலுக்குப் பர்மிஷன் ஒரு மணி நேரம்தான் சொல்லியிருந்தாராம். வாசல் வரை போய் நின்றேன். தெருமுனையில் அவர் திரும்புவார் என்று பார்த்தேன். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.